வெளியேறியவர்கள் திரும்பும்போது: பிளேக் கால பம்பாயும் நம் காலத்து நகரங்களும்

1891 கணக்கெடுப்பின்படி பம்பாயின் மக்கள்தொகை 8,21,764. பத்தாண்டு கழித்து, 1901இல், அது 7,76,006. பருத்தி ஆலைகளும் துறைமுகமும் ரயிலும் ஆண்டுதோறும் ஆட்களை இழுத்துக்கொண்டிருந்த ஒரு நகரம் பத்தாண்டில் ஏறத்தாழ 46 ஆயிரம் பேரை இழந்து நின்றது. இடையில் வந்தது பிளேக்.

1896 செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில், மருத்துவர் அகாசியோ வியேகாஸ் முதல் நோயாளிகளை அடையாளம் கண்டார். தானியக் கிடங்குகள் நெருக்கியடித்துக் கிடந்த தெருக்கள் அவை. அடுத்த பிப்ரவரிக்குள் நகரத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் கிளம்பிப் போயிருந்தார்கள். பம்பாயின் கதை முடிந்தது என்று அன்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் 1906இல் எடுக்கப்பட்ட தனிக் கணக்கெடுப்பு 9,77,822 பேரைக் காட்டியது. 1921இல் அது 11.75 லட்சத்தைத் தாண்டியது. இத்தனைக்கும் பிளேக் அதற்குள் ஓய்ந்துவிடவில்லை. பல ஆண்டுகள் விட்டுவிட்டு வந்துகொண்டேதான் இருந்தது.

2020இல் கொரோனா பரவியபோது உலகெங்கும் இதே கேள்வி எழுந்தது: நகரங்களின் காலம் முடிந்துவிட்டதா? பம்பாயின் இந்த எண்களே அதற்குப் போதிய பதில். மக்கள் திரும்புவார்கள். ஆகவே இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது வேறு கேள்வியை. அவர்கள் போகவும் வரவும் ஆன இடைவெளியில் நகரம் யாருக்காகத் திருத்தி எழுதப்படுகிறது? கொள்ளைநோய்க்குப் பிந்தைய நகர வாழ்வைத் தீர்மானிப்பது அதுதான் என்பதற்குப் பம்பாயைவிடத் தெளிவான சான்று நமக்கு அருகில் இல்லை.

கூலிக்கு ஏலம்

பிளேக்குக்கு முன்பு பம்பாய் ஆலைகளில் சம்பளம் மாதக் கணக்கில்தான். அதிலும் சில வாரச் சம்பளத்தை முதலாளி கையில் நிறுத்தி வைத்திருப்பது வழக்கம். சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போனால் நின்ற கூலி போய்விடும். ஆலைக் கதவைவிட உறுதியாகத் தொழிலாளியை நகரத்தில் பிடித்து வைத்திருந்தது இந்த நிலுவைதான். மறுபக்கம், அவர்களில் பெரும்பகுதியினருக்கு ரத்னகிரி, சாத்தாரா போன்ற மாவட்டங்களில் வீடும், சிறிது நிலமும், மனைவி மக்களும் இருந்தார்கள். மழைக்காலத்தில் போய் நடவு பார்த்துவிட்டு வருவது பழகிப்போன ஒன்று. உயிர்ப்பயம் வந்தபோது நிலுவைக் கூலி ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ரயிலிலும் கொங்கண் கரையோர நீராவிப் படகுகளிலும் ஆட்கள் கிளம்பினார்கள்.

அப்போது நடந்ததைப் பொருளியல் வரலாற்றாசிரியர் மோரிஸ் டி. மோரிசும் பின்னர் ராஜ்நாராயண் சந்தாவர்க்கரும் எழுதியிருக்கிறார்கள். எஞ்சியிருந்த தொழிலாளர்கள் அன்றாடக் கூலியை அன்றே கேட்டார்கள். ஜாபர் எனப்படும் மேஸ்திரிகள் தெருமுனைகளில் நின்று, ஒரு ஆலைக்கு எதிராக இன்னொரு ஆலை கூலியை ஏற்றிச் சொல்லி ஆள் பிடித்தார்கள். கூலியை ஏற்றக் கூடாது என்று முதலாளிகள் தமக்குள் செய்துகொள்ள முயன்ற ஏற்பாடுகள் நிலைக்கவில்லை. கிளம்பிப் போக முடிந்தது என்ற ஒரே காரணத்தால், சில மாதங்களுக்காவது, உழைப்பவன் சொன்ன விலைக்கு நகரம் இறங்கி வந்தது.

மாநகராட்சிக்கும் அந்தப் பாடம் கிடைத்தது. 1896 அக்டோபரில் ஆணையர் ஸ்நோ, நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக உத்தரவிட்டார். அதே மாதம் ஆலைத் தொழிலாளர் கூட்டமொன்று ஆர்தர் சாலைத் தொற்றுநோய் மருத்துவமனையைத் தாக்கியது. ஸ்நோ உத்தரவைத் தளர்த்தினார். கலவரத்தைவிட அவரை அதிகம் உறுத்திய அச்சம் ஒன்று இருந்தது: மலம் அள்ளும் ஹலால்கோர்களும் குப்பை வண்டித் தொழிலாளர்களும் ஒட்டுமொத்தமாக ஓடிவிட்டால், நகரம் குடியிருக்க முடியாத இடமாகிவிடும். பிறர் தொடத் தயங்கியவர்களின் கையில்தான் நகரத்தின் உயிர் இருக்கிறது என்பதை ஆட்சி ஒப்புக்கொண்டது, அவர்கள் மூட்டை கட்டக்கூடும் என்று தோன்றிய பிறகுதான்.

கூரை பிரித்த வீடுகள்

நோயைப் பற்றிய அன்றைய அறிவு அழுக்கையும் துர்நாற்றத்தையும் குற்றவாளியாக்கியது. கடல்நீரும் கார்பாலிக் அமிலமும் சாக்கடைகளில் பெருக்கெடுத்து ஓடவிடப்பட்டன. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வெயில் விழட்டும் என்று ஓடுகளைப் பிரித்தார்கள். மனிதர் குடியிருக்கத் தகுதியற்றது என்பதைக் குறிக்கும் ‘யு.எச்.எச்.’ என்ற மூன்றெழுத்து முத்திரை கதவுகளில் விழுந்தது. பிளேக்கைப் பரப்புவது எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சி என்பதை 1898இல் கராச்சியில் பால்-லூயி சிமோன் கண்டுசொன்னார். அது பரவலாக ஏற்கப்படப் பத்தாண்டு பிடித்தது. சாக்கடையைக் கழுவியதால் எலிகள்தான் வீடு மாறின.

இதில் ஒரு முரண் உண்டு. அரசு செய்த பலவற்றைவிட, பயந்துபோய் மக்கள் செய்த காரியம் மருத்துவரீதியில் சரியாக இருந்தது. எலியுள்ள வீட்டை விட்டு வெளியேறித் திறந்தவெளியில் குடிசை போட்டுத் தங்குவதுதான் அன்று இருந்த சிறந்த தற்காப்பு. வசதியுள்ள சாதியினரும் சமூகத்தினரும் தத்தம் ஆட்களுக்கென முகாம்களை அமைத்துக்கொண்டார்கள். வசதியற்றவர்கள் கிராமத்துக்குப் போனார்கள். இரண்டுக்கும் வழியற்றவர்கள் முத்திரை குத்திய வீட்டில் தங்கினார்கள். யார் எங்கே போக முடிந்தது என்பதே அன்றைய பம்பாயின் சமூக வரைபடம்.

1897 பிப்ரவரியில் நிறைவேறிய தொற்றுநோய்ச் சட்டம், ரயில் நிலையங்களில் பயணிகளை இறக்கிச் சோதிக்கவும், வீடுகளுக்குள் நுழையவும் அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. சென்னை மாகாணம், நோயுள்ள பகுதியிலிருந்து வருவோருக்கு ‘பிளேக் பாஸ்போர்ட்’ எழுதிக் கொடுத்தது. அதை வைத்திருப்பவர் போய்ச் சேர்ந்த ஊரில் குறிப்பிட்ட நாட்கள் அதிகாரி முன் ஆஜராகித் தம் உடல்நிலையைக் காட்ட வேண்டும். 2020 மார்ச்சில் மாநிலங்கள் தூசு தட்டி எடுத்தது அதே 1897 சட்டத்தைத்தான். செங்கல்பட்டு பரனூர் சுங்கச்சாவடியில் வரிசையாக நின்ற வண்டிகளிடம் கேட்கப்பட்ட இ-பாஸுக்கு 120 ஆண்டுக்கு முந்தைய மூதாதை இருந்தது.

யாருக்காகக் கட்டினார்கள்?

நோய் தணியுமுன்பே, 1898இல், பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவாக்கப்பட்டது. நெருக்கமான குடியிருப்புகளை இடித்துக் காற்றும் வெளிச்சமும் வர அகலச் சாலைகள் போடுவது, வீடிழந்தவர்களுக்குச் சுகாதாரமான குடியிருப்பு கட்டுவது, நகரத்தை வடக்கே விரிப்பது ஆகிய மூன்றும் அதன் பணி. முதலாவது வேகமாக நடந்தது. பிரின்ஸஸ் தெரு, சாண்ட்ஹர்ஸ்ட் சாலை போன்றவை அதன் விளைவு. இரண்டாவது தள்ளாடியது. தொடக்க ஆண்டுகளில் டிரஸ்ட் இடித்த அறைகள் கட்டிய அறைகளைவிட அதிகம். வீடிழந்தவர்கள் வேலையிடத்தை விட்டு விலக முடியாமல் பக்கத்துத் தெருவில் சால் எனப்படும் ஒற்றையறை வரிசைக் குடியிருப்புகளில் நுழைந்தார்கள். நெருக்கடி இடம் மாறியது, குறையவில்லை. 1911இலும் பம்பாய் மக்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஒற்றை அறையில்தான் வாழ்ந்தார்கள். வரலாற்றாசிரியர் பிரசாந்த் கிதாம்பி இந்தத் தோல்வியை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

மூன்றாவது பணி மெதுவாகப் பலித்தது, வேறு யாருக்கோ. தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் டிரஸ்ட் நிலம் எடுத்து மனை பிரித்தது. 1920களின் பிற்பகுதியிலிருந்து அங்கே எழுந்தவை மத்தியதர வர்க்கத்து அடுக்ககங்கள். மாதுங்காவின் தென்னிந்தியர்களைப் பற்றி நிகில் ராவ் செய்த ஆய்வு தமிழர்களுக்கு நெருக்கமானது. தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பங்கள் குடியேறிய அந்த வீடுகளின் புதுமை, சமையலறையும் குளியலறையும் கழிப்பறையும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. சாலில் அவை நடைபாதைக் கோடியில், எல்லோருக்கும் பொது. சாதி ஆசாரம் பார்த்த குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் கழிப்பறையை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது; ஏற்றுக்கொண்டார்கள். ஆஸ்திக சமாஜமும், தென்னிந்தியக் கல்விச் சங்கமும், உடுப்பி ஓட்டல்களும் அதைச் சுற்றி வளர்ந்தன. இன்று இந்திய மத்தியதர வர்க்கம் வீடு என்றதும் நினைக்கும் ‘ஃபிளாட்’, பிளேக்குக்குப் பிந்தைய இந்தத் திட்டங்களில்தான் பெருமளவில் உருப்பெற்றது.

மாதுங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த தமிழர்கள் அங்கே குடியேறினார்கள். ஒரே மாகாணத்திலிருந்து வந்த இரு கூட்டத்தாரில் ஒரு சாராருக்குத் திட்டமிட்ட தெருவும் வீட்டுக்குள் குழாயும், மறு சாராருக்குச் சதுப்பு நிலமும் பொதுக் கழிப்பறை வரிசையும். 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் தொற்று கண்டறியப்பட்டபோது, அங்கு வாழ்வோரில் ஐந்தில் நால்வர் பொதுக் கழிப்பறையை நம்பியிருந்தனர் என்பது மாநகராட்சியின் கணக்கு. சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டரில் எட்டு லட்சத்துக்குக் குறையாதவர்கள். தனிமைப்படுத்திக்கொள்ளச் சொன்னால் எங்கே போவார்கள்? வீடு வீடாகப் போய்ச் சோதித்து, பள்ளிகளையும் மண்டபங்களையும் தனிமை முகாம்களாக்கித்தான் பரவலைக் கட்டுப்படுத்தினார்கள். அந்த ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவர் தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். பாராட்டு நியாயமானதே. ஆனால் அந்த வெற்றி தேவைப்பட்டதற்குக் காரணம், 1898இன் வாக்குறுதிகளில் ஒன்று நிறைவேறாமல் போனது.

வண்டியை நிறுத்தியபின்

2020இன் வெளியேற்றம் பம்பாயின் வெளியேற்றத்திலிருந்து ஓர் இடத்தில் அடிப்படையாக மாறுபட்டது. 1897இல் ரயில் ஓடியது. 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து நள்ளிரவில் நாடு அடைக்கப்பட்டபோது ரயில் ஏற்கெனவே நின்றிருந்தது. போக முடிந்தால் பேரம் பேசலாம். போகவும் முடியாமல் இருக்கவும் வழியில்லாமல் போனவர்கள் நெடுஞ்சாலையில் நடந்தார்கள். மே 8 அதிகாலையில், அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்திருந்த 16 தொழிலாளர்கள் மேல் சரக்கு ரயில் ஏறியது. ரயில் ஓடாது என்று நம்பித்தான் அங்கே படுத்தார்கள்.

அவர்கள் நோய்க்குப் பயந்து ஓடினார்கள் என்று சொல்வது பாதி உண்மை. ‘ஸ்வான்’ என்ற தன்னார்வலர் அமைப்பு, ஊரடங்கின் முதல் மூன்று வாரங்களில் தொலைபேசியில் உதவி கேட்ட 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் நிலையைத் தொகுத்தது. 89 விழுக்காட்டினருக்கு முதலாளி சம்பளமே தரவில்லை. 96 விழுக்காட்டினருக்கு அரசு ரேஷன் கிடைக்கவில்லை. உதவி கேட்டு அழைத்தவர்களின் கணக்கு என்பதால் இதை எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொருத்திவிடக் கூடாது. என்றாலும் காரணம் எங்கே இருந்தது என்பதை அது காட்டிவிடுகிறது. வாடகை அறை, தினக்கூலி, சொந்த ஊர் முகவரியில் உள்ள ரேஷன் அட்டை ஆகிய மூன்று கயிறுகளில்தான் அவர்களின் நகர வாழ்க்கை தொங்கியது. கூலி நின்றதும் வாடகை நின்றது. ரேஷன் அட்டை பிகாரிலோ ஒடிசாவிலோ இருந்தது.

மே 1 முதல் தொழிலாளர் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கி, 4,600க்கும் மேற்பட்ட ரயில்களில் சுமார் 63 லட்சம் பேர் ஊர் திரும்பினர். நடந்தும் லாரியிலும் போனவர்களையும் சேர்த்து ஒரு கோடிக்கு மேல் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. மே முதல் வாரத்தில் கர்நாடக அரசு, கட்டுமான நிறுவனத்தாரைச் சந்தித்த கையோடு, இந்த ரயில்களை நிறுத்தும்படி கடிதம் எழுதியது. கண்டனம் எழுந்து ஓரிரு நாளில் அந்த முடிவைக் கைவிட்டது. ஹலால்கோர்கள் ஓடிவிடுவார்களோ என்ற ஸ்நோவின் பயமும் இந்தக் கடிதமும் ஒரே இனம். ஸ்நோவுக்கு உத்தரவைத் தளர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை. 2020இல் ரயிலைப் பிடித்து நிறுத்தலாம் என்ற எண்ணம் வந்தது. குஜராத் அரசு, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி தராமலே 12 மணி நேர வேலைக்கு அனுமதித்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது.

தமிழ்நாட்டில் கோயம்பேடு இன்னொரு கோணத்தைக் காட்டியது. ஏப்ரல் கடைசியில் சந்தையில் தொற்று பரவியதும், சுமை தூக்குவோரும் கூலியாட்களும் காய்கறி ஏற்றி வந்து காலியாகத் திரும்பிய லாரிகளில் ஊருக்குக் கிளம்பினார்கள். அரியலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் எண்ணிக்கை திடீரென ஏறியது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டு மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. பிளேக்கில் இடம்பெயர்வது காப்பாற்றியது. கொரோனாவில் அதுவே நோயைக் கொண்டுபோனது. கொள்ளைநோய்க்கெல்லாம் ஒரே மருந்தாக வெளியேற்றத்தைப் புகழவும் முடியாது, பழிக்கவும் முடியாது.

வசதியுள்ளோர் கதை வேறு

நியூயார்க்கில் அந்த வசந்தத்தில் சுமார் 4.2 லட்சம் பேர் வெளியேறியதாகக் கைப்பேசித் தரவுகள் காட்டின. மான்ஹாட்டனின் பணக்காரப் பகுதிகள்தான் அதிகம் காலியாயின. வாடகை சரிந்தது. ஆனால் 2022இல் மான்ஹாட்டன் வாடகை முன்னெப்போதும் இல்லாத உச்சத்தைத் தொட்டது. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த அர்ஜுன் ரமணியும் நிக்கோலஸ் புளூமும், போனவர்கள் பெரும்பாலும் தூர ஊர்களுக்குப் போகவில்லை, அதே மாநகரின் புறநகருக்கே நகர்ந்தார்கள் என்று கண்டு, அதை ‘டோனட் விளைவு’ என்று அழைத்தார்கள். மாதுங்காவுக்கு நகர்ந்த குமாஸ்தாக்கள் செய்ததும் ஏறத்தாழ இதைத்தான்.

இங்கே பழைய மகாபலிபுரம் சாலையின் விடுதிகள் காலியானபோது, ஊரிலிருந்தே மென்பொருள் எழுதும் காலம் வந்துவிட்டது என்று பேசினோம். தென்காசி அருகே மத்தளம்பாறையிலிருந்து இயங்கும் ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு அந்தக் கனவின் முகமானார். அந்த நிறுவனம் தென்காசியில் கால் வைத்தது பெருந்தொற்றுக்கு முன்பே. மற்றவர்களின் அனுபவம் வேறு. 2023இல் டிசிஎஸ் தன் ஊழியர்களை வாரம் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வரச் சொன்னது. மேலும், மடிக்கணினியில் செய்ய முடிந்த வேலை நம் நாட்டு உழைப்பில் சிறு பங்கு. கட்டடத்தை யாரும் வீட்டிலிருந்து கட்ட முடியாது.

ஊர் தாங்கியது எவ்வளவு?

போனவர்கள் ஏன் திரும்பினார்கள்? ஊர் தாங்கவில்லை. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2019-20இல் சுமார் 5.5 கோடிக் குடும்பங்கள் வேலை செய்தன. 2020-21இல் 7.5 கோடிக்கு மேல். வேலை செய்வோரில் வேளாண்மையில் இருப்போரின் பங்கு 2018-19இல் 42.5 விழுக்காடு, 2020-21இல் 46.5. வளரும் பொருளாதாரத்தில் இந்த எண் இறங்க வேண்டும். அது ஏறியதற்கு வயல் செழித்தது காரணமல்ல. வேறு வழியில்லாதவர்கள் அப்பன் நிலத்தைப் பங்கு போட்டார்கள். அந்த ஏற்றம் பின்னர் முழுதாக இறங்கவுமில்லை. 2023-24இலும் 46 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. ஆண்கள் பலர் நகரம் திரும்பிய பிறகும் குடும்பத்தின் ஒரு கால் ஊரிலேயே ஊன்றியிருக்கிறது. நகரத்தை முழுதாக நம்ப அவர்கள் தயாரில்லை. 1897இன் ரத்னகிரித் தொழிலாளியும் அப்படித்தான் இருந்தான்.

இந்தப் பத்தாண்டு

பம்பாய் டிரஸ்ட் தன் போக்கைத் தீர்மானித்தது நோய் வந்த முதல் பத்தாண்டில். அதற்குப் பிறகு சாலைகளும் மனைகளும் கல்லில் எழுதிய எழுத்தாகிவிட்டன. 2020இலிருந்து எண்ணினால் நாமும் இன்னும் அந்தப் பத்தாண்டுக்குள்தான் இருக்கிறோம். நம் கணக்கு எப்படி?

மூன்று கயிறுகளில் ஒன்று இறுகியிருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. உச்ச நீதிமன்றத்தின் 2021 ஜூன் தீர்ப்புக்குப் பிறகு, 2022க்குள் எல்லா மாநிலங்களும் சேர்ந்தன. பிகார் அட்டைக்குத் திருப்பூரில் அரிசி வாங்க இன்று வழியுண்டு. கூலிக் கயிறு தளர்வாகவே கிடக்கிறது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவில் கோடிக்கணக்கானோர் சேர்ந்திருந்தாலும், பதிவு என்பது நிறுத்தப்பட்ட கூலியை வாங்கித் தருவதில்லை.

மூன்றாவது, வாடகை அறை. 2020 ஜூலையில் ஒன்றிய அரசு, குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அரசு நிதியில் கட்டிக் காலியாகக் கிடந்த ஏறத்தாழ 83 ஆயிரம் வீடுகளைத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடுவது அதில் ஒரு பகுதி. சில ஆண்டுகளில் அப்படி மாறியவை 5,600 சொச்சம். பல வீடுகள் வேலையிடத்திலிருந்து தொலைவில் இருந்தன. டிரஸ்டும் இதே கல்லில்தான் இடறியது: தொழிலாளிக்கு வீட்டைவிட வேலைக்கு நடந்து போகும் தூரம் முக்கியம்.

இந்த உண்மையை ஏற்றுக் கட்டப்பட்டதற்கு ஒரு சான்று ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் உண்டு. 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்ற பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். அவர்கள் செய்துவந்தது ஐஃபோன் பொருத்தும் வேலை. 2024 ஆகஸ்டில் சிப்காட் அங்கே 18,720 பேர் தங்கும் குடியிருப்பைத் திறந்தது. ஆலைக்கு அருகில், அரசுக் கணக்கில் வந்த வீடு என்பது முன்னேற்றம். ஆனால் படுக்கைக் கணக்கில் கட்டிய விடுதியில் திருமணமாகிக் குழந்தை பெற்றவளுக்கு இடமில்லை. வேலை செய்யும் சில ஆண்டுகளுக்கு மட்டும் நகரவாசி, பிறகு ஊர்க்காரி என்ற பழைய ஏற்பாட்டை அது இன்னும் சுத்தமான சுவர்களுக்குள் தொடர்கிறது.

நம்மிடம் ஒரு குறை கூடுதலாகவே இருக்கிறது. காலனி ஆட்சி நோய்க்கு நடுவிலும் 1901இல் தலைகளை எண்ணியது. பம்பாயில் 1906இல் தனியாகவும் எண்ணியது. நாம் 2011க்குப் பிறகு எண்ணவில்லை. 2021இன் கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போயிற்று. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், எந்தப் பேட்டையில் எத்தனை பேர் ஓர் அறையில் இருக்கிறார்கள் என்பதை 2011இன் எண்ணை வைத்துத் திட்டமிடும் நகரத்தால் அறிய முடியாது.

நகரத்தின் எதிர்காலத்தை அலுவலகக் கட்டடங்களின் காலியிடத்தை வைத்து அளப்பது வழக்கமாகிவிட்டது. நம் நகரங்களுக்கு அது பொருத்தமான அளவுகோல் அல்ல. கூலி நின்றுபோன ஒரு மாதத்தில் ஒரு தொழிலாளர் குடும்பம் வாடகை பாக்கிக்காக வெளியேற்றப்படாமல், வாங்கிச் சாப்பிட அரிசியோடு, அதே அறையில் இருக்க முடியுமா என்பதே உரிய சோதனை. 1897இல் பம்பாய் அதில் தோற்றது. 2020இல் இந்திய நகரங்கள் அனைத்தும் தோற்றன. அடுத்த நோய் வருமுன் அதில் தேறுவதற்கு என்ன வேண்டும் என்பதில் மர்மம் ஏதுமில்லை: வேலையிடத்துக்கு அருகில் குடும்பத்தோடு தங்கும் வாடகை வீடு, வேலை நின்றாலும் வந்து சேரும் கூலி, சரியான தலைக்கணக்கு. இவற்றைச் செய்யாமல் விட்டால் அடுத்த முறையும் மக்கள் வெளியேறுவார்கள், அடுத்த முறையும் திரும்புவார்கள். அதை நகரத்தின் வெற்றி என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை இருக்காது.